திட்டு: தலைமறைவுக் காதலர்களின் விண்வெளித் தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் அனேகமாக இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், எனக்கும் ஒரே பதிலைத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாம் இங்கே. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் ‘முடிவு சுபமா?’ என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை என்ன, சுருக்கமாக?

பல விண்மீன்களைச் சுற்றியுள்ள உலகங்களை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் ஒரு வணிகக் கம்பெனி. அதில் கணக்கு எழுதும் ஒருத்தி, பூர்வீகம் கடலூர் முதுநகர். ஒரு சுரங்கக் குடியிருப்பில் செத்துப்போனதாக எழுதப்பட்ட ஆட்களுக்கு மாதாமாதம் அரிசி வாங்கின கணக்கு அவள் கண்ணில் படுகிறது. செத்தவர்கள் சாப்பிட மாட்டார்களே. பேரேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். அவளைப் பிடிக்க அனுப்பப்படுகிறவன் புதுச்சேரிக் குடும்பம், நாலு தலைமுறையாக யாருடைய சீருடையையாவது மாட்டிக்கொண்டிருக்கும் சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) வீட்டுப் பிள்ளை. பேரேட்டை அவனும் படிக்கிறான், அவளோடு அதே படகில் ஏறுகிறான். படகு பழுதாகி, கம்பெனியின் அதிகாரம் செல்லாத வேறொரு கொடியின் கீழ் இருக்கும் ‘திட்டு’ என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் விழுகிறது. அங்கே சில நூறு பேர் வாழ்கிறார்கள். எல்லைக்கு வெளியே கம்பெனிக் கப்பல் காத்துக்கிடக்கிறது. இவர்கள் வெளியே போக முடியாது, அவர்கள் உள்ளே வர முடியாது.

இரண்டு பேருக்கும் பெயர் உண்டு, ஆனால் ஊரே கணக்குக்காரி என்றும் சொல்தா என்றும் கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

விண்வெளிக் கதைக்கு எதற்குக் கடலூரும் புதுச்சேரியும்? உள்ளூர்ப் பாசமா?

பாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் அது இல்லை. தேடப்படும் ஆட்கள் ஓடிவந்து, அன்னியக் கொடியின் நிழலில் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடந்த இடம் எது என்று யோசித்தால், எனக்கு வேறு எந்தக் கோளும் தேவைப்படவில்லை. புதுச்சேரி இருந்தது.

1908-இல் பாரதி சென்னையிலிருந்து இங்கே வந்துசேர்ந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார், அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கும்வரை ஆங்கிலேயப் போலீஸ் கைவைக்க முடியாது. ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: கடலூர் வெறும் இருபத்து இரண்டு கிலோமீட்டர்! அதுவும் நேர்க்கோடாக இருக்கிற எல்லை இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கும் நிலம், ஒரு ஊர் இந்தக் கொடி, அடுத்த ஊர் அந்தக் கொடி. இன்றைக்கும் கடலூர் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தெரியும், முள்ளோடை தாண்டினதும் கடைப் பலகைகளின் தினுசே மாறிவிடும், ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். நாம் பாட்டிலுக்காக மாட்டுகிறோம், அவர்கள் உயிருக்காக மாட்டியிருப்பார்கள்.

நிறையப் பேர் விண்வெளிக் கதை எழுதும்போது எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதில் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு எல்லை எப்படி ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு அடி இந்தப் பக்கம் வைத்தால் விருந்தாளி, அந்தப் பக்கம் வைத்தால் கைதி. இந்த ஒரு விதியை இரண்டு மனிதர்களுக்கு நடுவில் போட்டால் காதல் தானாகவே கனமாகிவிடுகிறது.

ஐந்து கையெழுத்து வாங்கும் அத்தியாயமும் கிணற்றில் ஜாடி விழும் அத்தியாயமும் கற்பனைதானே?

கற்பனை கொஞ்சம்தான். 1911 வாக்கில் பிரெஞ்சு நிர்வாகம் ஒரு கட்டளை போட்டது, வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேரிடம் நற்சான்று வாங்கிப் பதிவுசெய்ய வேண்டும் என்று. ஆங்கிலேய அரசின் நெருக்கடிதான் பின்னணி. ஐந்து பேர் கிடைத்தார்கள். தனக்கு என்ன ஆகுமோ என்று தெரியாமலே ஒரு அந்நியனுக்காகக் கையெழுத்துப் போட்ட அந்த ஐந்து பேரைப் பற்றித்தான் எனக்கு ரொம்ப யோசனை. என் கதையில் நான்கு கையெழுத்து சுலபமாகக் கிடைக்கிறது, ஐந்தாவதுக்காக ஊரில் ஒரு மீன்காரம்மாவிடம் சொல்தா நடையாய் நடக்கிறான். அந்த அம்மா போட மாட்டேன் என்கிறாள், காரணமும் நியாயமான காரணம்.

கிணறும் நடந்ததுதான். ஐயர் வீட்டுக் கிணற்றில் தேசத்துரோகக் காகிதங்கள் அடைத்த ஒரு பாத்திரத்தை யாரோ போட்டுவிட்டார்கள், போலீஸ் வந்து ‘கண்டுபிடிக்க’ வேண்டும் என்பது திட்டம். தண்ணீர் எடுக்கும்போது அது முன்கூட்டியே கையில் சிக்கிவிட்டதால், இவர்களே போய் பிரெஞ்சுப் போலீசில் சொல்லிவிட்டார்கள். இந்தச் சம்பவத்தை நான் இட்டுக்கட்டி எழுதியிருந்தால் ‘ரொம்ப சினிமாத்தனம்’ என்று நீங்களே திட்டியிருப்பீர்கள்.

திட்டு ஒரு கோளே இல்லை, துணைக்கோள். ஏன் கோள் என்கிறீர்கள்?

கதாபாத்திரங்கள் பேச்சுவழக்கில் சொல்கிறார்கள், விடுங்கள். ஆம், வியாழன் மாதிரி ஒரு பெரிய வாயுக்கோளைச் சுற்றிவரும் நிலவுதான் அது. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இப்படி ஒரு நிலவு இருப்பதாக இன்றுவரை உறுதியாகவில்லை. 2018-இல் கெப்ளர்-1625பி என்ற கோளைச் சுற்றி ஒன்று இருக்கலாம் என்றார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. கதைக்கு அது போதும்.

பகல் 42 மணி நேரம், நட்ட நடுப்பகலில் இருட்டு. இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், இதில் நான் ஏமாற்றவே இல்லை. பெரிய கோளுக்குப் பக்கத்தில் சுற்றும் நிலவு எப்போதும் ஒரே முகத்தையே அதற்குக் காட்டும், நம் நிலா நமக்குக் காட்டுவது போல. அப்படியானால் அதன் ஒரு நாள் என்பது கோளை ஒருமுறை சுற்றும் நேரம். வியாழனின் யூரோப்பா சுற்ற ஏறக்குறைய மூன்றரை நாள் ஆகிறது. அதையே எடுத்துக்கொண்டேன், பாதி வெளிச்சம், பாதி இருட்டு.

ஊர் இருப்பது கோளைப் பார்த்த பக்கத்தில். அங்கே நின்றால் அந்தப் பெரிய கோள் உச்சந்தலைக்கு மேல் அசையாமல் தொங்கும். சூரியன் மட்டும் கிழக்கிலிருந்து நகர்ந்து வந்து, சரியாக உச்சிக்கு வரும்போது அந்தக் கோளுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். யூரோப்பாவுக்கு இந்தக் கிரகணம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் நீடிக்கிறது. திட்டிலும் அதேதான். ஊர் மொத்தமும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும், புதுச்சேரியில் மத்தியானம் கடைகளை மூடிவிட்டுத் தூங்குகிறார்களே, அந்தப் பழக்கம் எங்கே போனாலும் போகாது.

நான் ஏமாற்றியது கதிர்வீச்சில். நிஜ யூரோப்பாவின் தரையில் காப்பில்லாமல் நின்றால் வியாழனின் காந்தப்புலம் பிடித்துவைத்திருக்கும் கதிர்வீச்சு, ஆளைக் கொல்லும் அளவுக்கு, ஒரே நாளில் உடம்பில் ஏறிவிடும். என் கோளுக்குக் காந்தப்புலம் பலவீனம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

உதவி கேட்டு ஒரு சிக்னல் அனுப்பினால் கதை முடிந்ததே?

அனுப்பலாம். இரண்டு சிக்கல்.

ஒன்று, தூரம். இந்தத் தொடரில் ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது, அதில் நான் பிடிவாதம். உதவக்கூடிய அடுத்த ஊர் நாலு ஒளியாண்டுக்கு அப்பால். ‘காப்பாற்றுங்கள்’ என்று சொன்னால் ‘யார் நீங்கள்?’ என்று பதில் வர எட்டு வருடம். சிரிக்காதீர்கள், பழைய கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான் நடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதனால்தான் இங்கே இருந்தவன் வைத்ததே சட்டமாக இருந்தது. என் கப்பலின் தலைவனும் அப்படித்தான், கேட்க ஆள் இல்லாத அதிகாரி.

இரண்டாவது, கம்பெனிக் கப்பலின் காது. அது நிற்கும் இடம் சூரியனுக்கும் கோளுக்கும் நடுவில், இரண்டின் இழுப்பும் சேர்ந்து சமன்படும் புள்ளியில். நம் ஆதித்யா-எல்1 கலம் 2024 ஜனவரியில் போய் நின்றதே, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டரில், அதே வகைப் புள்ளி. அங்கிருந்து திட்டைச் சதா பார்த்துக்கொண்டே இருக்கலாம், கிரகண நேரம் தவிர. சூரியன் கோளுக்குப் பின்னால் மறையும்போது அந்தக் கப்பலும் கூடவே மறைந்துவிடும். அந்த மூன்று மணி நேரம் கப்பலுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. சிக்னல், திருட்டுப் பயணம், காதல் எல்லாம் அதற்குள்தான். கப்பல் ஒரு வேவுக்கலத்தை எதிர்ப்பக்கம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதியவர்களுக்கு: மூன்றாம் பாகம் படியுங்கள்.

படகின் கம்ப்யூட்டர் பழுதான பிறகு கணக்குக்காரி சோழிக் கணக்கு முறையில் கிரகணம் கணிப்பது டூப்பு மாதிரி இருக்கிறதே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1825-இல் புதுச்சேரிப் பக்கம் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். எழுதிப் பார்க்கவில்லை, அட்டவணையைப் புரட்டவில்லை. எண்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும் வாக்கியங்களுக்குள் ஒளிந்திருந்தன, எழுத்துக்கு எழுத்து ஒரு எண். வாக்கியப் பஞ்சாங்கத்தில் நிலாவுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று, ஏனென்றால் நிலாவின் வேகம் கூடிக் குறையும் சுழற்சி ஒன்பது முறை நடந்து முடிய 248 நாள் ஆகும்.

அதற்கும் முன்னால், 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று ஒரு தமிழர் போட்ட கணக்கில் 41 விநாடிதான் பிசகியது, அன்றைய ஐரோப்பிய அட்டவணை ஒன்றில் 68 விநாடி பிசகியது. இதை எழுதிவைத்தவர் லெ ஜான்தீ, அவரைப் பற்றி அடுத்த கேள்வி.

கணக்குக்காரியின் பாட்டி பஞ்சாங்கம் கணித்த வீடு. அவள் திட்டில் சோழிக்குப் பதில் படகின் திருகாணிகளைப் பரப்புகிறாள். சொல்தாவுக்கு அவள் மேல் மனசு சாய்வது அந்தக் காட்சியில்தான், அவள் திருகாணியை நகர்த்திக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பதை அவன் பிரார்த்தனை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றுகிறான்.

மேகத்தைத் திட்டிக்கொண்டே இருக்கும் அந்தப் பிரெஞ்சுக் கிழவர் யார்?

லெ ஜான்தீயின் நிழல். நிஜ மனிதர், வானியலாளர். சூரியனைக் கடந்துபோகும் வெள்ளியைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760-இல் பிரான்ஸிலிருந்து கிளம்பினார். வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது என்று தெரிந்து கப்பல் திரும்பியது, 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் ஆடும் தளத்திலிருந்து வெறுமனே வேடிக்கை பார்த்தார், அளக்க முடியவில்லை. சரி, எட்டு வருடத்தில் இன்னொன்று வருகிறதே என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768-இல் புதுச்சேரி வந்து, கருவியெல்லாம் பொருத்தி, மாதக்கணக்கில் தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டு, 1769 ஜூன் 4 விடியலில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. முடிந்த பிறகு வெயில் அடித்தது. அடுத்த முறை 1874. 1771-இல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்குபோட வாரிசுகள் தயாராக இருந்தார்கள்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பைப் பற்றி எழுதும் ஒருவர் அவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது என் கட்சி.

கம்பெனிக் கப்பல் ஏன் நேராக இறங்கிப் பிடித்துக்கொண்டு போகவில்லை? அவ்வளவு நல்லவர்களா?

நல்லவர்கள் இல்லை, கணக்குப் பார்ப்பவர்கள். இறங்கினால் இன்னொரு கொடியோடு சண்டை, சண்டைக்குச் செலவு. அப்புறம் திட்டின் எல்லையைக் காப்பது ஒரே ஒரு பழைய பீரங்கி, அது எட்டும் தூரம்தான் எல்லை. இதுவும் கடலூர்ச் சரக்கு. 1690-இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் சேர்த்தி என்று ஒப்பந்தம். சுட்டுத்தான் அளந்தார்கள், உள்ளே வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டை மிச்சத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

வேறு ஆளே இல்லாத இடத்தில் வந்த காதல் காதலா? அதற்குப் பெயர் வேறு இல்லையா?

நல்ல கேள்வி, கொஞ்சம் கோபமாகக் கேட்டிருந்தார்கள், பரவாயில்லை. ஆள் இல்லாத கோளில் ஒரு ஆணையும் பெண்ணையும் இறக்கிவிட்டு மழையைப் பெய்ய வைக்கும் கதைகள் எனக்கும் பிடிக்காது. அங்கே தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமே இல்லை, ஆகவே தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் திட்டில் ஊரை வைத்தேன். கணக்குக்காரியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் உப்பளக்காரன் இருக்கிறான், சொல்தாவைவிட நல்லவன், சமைக்கவும் தெரியும். வேவு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், சோறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சில வீட்டில் இரண்டும் ஒரே ஆள்.

இன்னொன்று, இவர்கள் முதலில் கல்யாணம்தான் செய்துகொள்கிறார்கள், பதிவுக்காக, திட்டின் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், போய்க் கையெழுத்துப் போட்டு. தம்பதி என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து சான்று போதும் என்று அங்கே ஒரு விதி, அது என் கற்பனை. காகிதத்தில் புருஷன் பெண்டாட்டி, வீட்டுக்குள் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. காதல் அதற்கு ரொம்பப் பிறகு. நம் வீடுகளில் முக்கால்வாசி அந்த வரிசையில்தானே நடந்திருக்கிறது, இதை விசித்திரம் என்று யாரும் எனக்கு எழுதவில்லை.

முத்தக் காட்சி எப்போது?

இரண்டாம் பாகத்தின் கடைசியில், கிரகணத்தில். வீட்டில் சத்தமாக வாசிக்கிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே என்ன சாப்பிடுகிறார்கள்?

கேழ்வரகுக் கூழும் கொண்டுவந்து வளர்த்த மீனும். திட்டின் சொந்தச் செடிகளைத் தின்றால் வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. பூமியில் உயிர்களின் புரதம் எல்லாம் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. வேறொரு உலகத்தில் வலக்கை வகை வந்திருந்தால் அதை நம் உடம்பால் பயன்படுத்த முடியாது. முந்திரி எப்படி அங்கே போனது என்று பண்ருட்டிக்காரர் ஒருவர் கேட்டார். பண்ருட்டிக்கே அது பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் ஏறி வந்த இனம்தானே, இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கிறது.

அவள் அம்மா உயிரோடு இருக்கிறாளா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. கணக்கைச் சொல்கிறேன், பதிலை நீங்களே பாருங்கள். ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் போனால் கப்பலில் ஒரு வருடம் கழிவதற்குள் பூமியில் ஏழு வருடம் கழிந்துவிடும். திட்டு 30 ஒளியாண்டு தூரம். வேகம் எடுக்கும் காலத்தை விட்டுவிட்டால், அவளுக்கு நாலே கால் வருடம், கடலூரில் முப்பது. அவள் கிளம்பும்போது அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. திரும்பிப் போக இன்னொரு முப்பது. அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழும் அத்தியாயத்தில் சொல்தா வாயைத் திறக்காமல் இருக்கிறானே, அவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும் என்பதால்தான்.

முடிவு சுபமா?

புதுச்சேரி எனக்கு மூன்று முடிவுகளைக் கொடுத்தது. பத்து வருடம் பொறுத்த பாரதி 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார், கடலூர் அருகே கைதாகி மூன்று வாரத்துக்கு மேல் கடலூர்ச் சிறையில் இருந்தார். அரவிந்தர் 1950-இல் இறக்கும்வரை இந்த ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை, ஒதுங்க வந்த இடம் அவருக்கு ஊராகிவிட்டது. ஐயர், போர் முடிந்து பொது மன்னிப்பு வந்த பிறகு திரும்பிப் போனார்.

கணக்குக்காரிக்கு முதல் முடிவின் மேல் ஆசை, பேரேடு வெளியே போக வேண்டும், சுரங்கத்தில் ஆட்கள் இன்னும் சாகிறார்கள். சொல்தாவுக்கு இரண்டாவது. மூன்றாவதை எதிர்பார்ப்பவர்கள் ஊரில் நிறைய, மன்னிப்பு வரும் வரும் என்று சொல்லியே கிழவர்களானவர்கள். இருவரும் சாக மாட்டார்கள், பிரியவும் மாட்டார்கள், அவ்வளவுதான் உறுதி தர முடியும். ஆனால் சேர்ந்து எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதற்காகத்தான் கடைசிப் பாகத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உப்பளக்காரனுக்கு ஒரு ஜோடி கிடைக்குமா?

மீன்காரம்மாவின் மகள் எட்டாம் அத்தியாயத்திலிருந்தே அவன் வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருக்கிறாள். அவன்தான் கவனிக்கவில்லை, நீங்களுமா?

திட்டை வைத்து நானும் கதை எழுதலாமா?

தாராளமாக. இரண்டே நிபந்தனை: ஒளியைவிட வேகமான கப்பலைக் கொண்டுவந்து இறக்காதீர்கள், கிழவருக்கு மேகம் விலகும்படி எழுதாதீர்கள். கடைசிப் பாகம் முடிந்ததும் மொத்தமும் அச்சுப் புத்தகமாக வரும், அதுவரை இப்படியே படியுங்கள்.